ஒழுகவேண்டிய கூரை

போன வருஷம் ஐப்பசி மாதம், லண்டன் எட்மண்டனில், ஒரே மேசையிலிருந்து சூப் குடித்த பதினொரு பேருக்குத் தலைக்கு மேலே பதினொரு வானம் இருந்தது. அதே கிழமை முருங்கைக்காய் விலை இரண்டு மடங்கானது. தமிழ்க் கடைகளில் கூடுதலாகப் பேசப்பட்டது முருங்கைக்காயைப் பற்றித்தான்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் கஸ்பர். மன்னார்க்காரர், வயது அறுபத்தேழு, தொழில் கூரை. வட லண்டனில் அவர் கை படாத தட்டைக் கூரைகள் குறைவு. கஸ்பர் அடைத்தால் கடவுளே நினைத்தாலும் ஒழுகாது என்று பங்குச் சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, அது வேதத்துக்கு அடுக்குமா என்று பீடத்திலேயே சற்று நின்று யோசித்தார். அந்தக் கஸ்பர் தன் வீட்டையும் சும்மா விடவில்லை. கதவிடுக்கு, புகைக்கூண்டு, தபால் போடும் ஓட்டை என்று காற்று நுழையும் இடத்தையெல்லாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒவ்வொன்றாக அடைத்து வந்தார். கடைசியாக மிஞ்சியிருந்தது சமையலறை யன்னல். அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல். பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு மீன் பொரிப்பது அவர் மனைவி பியற்றிஸுக்குப் பிடிக்கும். சூடு போகிறது என்று சொல்லி அந்த யன்னலையும் கஸ்பர் சிலிக்கோன் பசை வைத்து அடைத்தார். திறந்துவிடுங்கோ என்று அவள் கேட்டாள். கோடை வரட்டும் என்றார். கோடை வந்தது, போனது. அதற்கடுத்த மாதம் லூயிஷாமில் மகள் பெனிற்றாவுக்குப் பிள்ளை பிறக்க, முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கும்வரை கூட நிற்கிறேன் என்று சொல்லிப் பியற்றிஸ் ஒரு சின்னப் பெட்டியோடு போனாள். அந்தப் பிள்ளை இப்போது நேர்சரிக்குப் போகிறது. பியற்றிஸ் திரும்பவில்லை. ஒரு யன்னலுக்காக ஒருத்தி புருஷனை விட்டுப் போவாளா என்று பங்கில் எல்லோரும் கேட்டார்கள். யன்னலை மட்டும்தான் அவர் அடைத்தார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டதால் வந்த கேள்வி அது.

சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ?" என்பாள். "ஓம்" என்பார். சரி என்று வைத்துவிடுவாள். சில ஞாயிறுகளில் போனை நிற்பாட்ட மறந்து மேசையில் வைத்துவிடுவாள். அப்போது லூயிஷாமின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். குக்கர் கூவும், பேரன் எதையோ கீழே போடுவான், தூரத்தில் ரயில் ஒன்று வளையும். கஸ்பர் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படியானவற்றை மட்டும் நல்ல ஞாயிறுகள் என்று வைத்திருந்தார். ஒரே நகரம், இடையில் ஓர் ஆறு, ஒன்றரை மணித்தியால ரயில். ஆனால் வா என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்த வாயும் அவரே அடைத்ததுதான், ஒழுகவில்லை.

புரட்டாதியில் பெனிற்றா ஒரு செய்தி சொன்னாள். மருமகன் பிரவீணனுக்கு மெல்பேர்னில் வேலை. தையில் எல்லோரும் போகிறார்கள். "அம்மாவும் எங்களோட வாறா அப்பா. ஆறு மாசத்துக்குத்தான்."

முப்பத்தொரு நாள் எத்தனை வருஷமானது என்று கஸ்பருக்குத் தெரியும். ஆறு மாதம் எத்தனை வருஷமாகும் என்றும் விளங்கியது. "நல்லது" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அந்தக் கிழமைதான் யூதர்களின் தொழுகைக்கூடத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சிவப்புச் செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் இருநூறு குடும்பம் வந்த இடம். பிள்ளைகள் படித்து வசதியான பக்கங்களுக்குப் போய்விட, மிஞ்சியவர்களை இரண்டு காரில் ஏற்றிவிடலாம். வேதச் சுருள்கள் வைத்திருந்த பேழைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. பேழைக்கு முன்னால் நான்கு வாளி. கஸ்பர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஒட்டுப்போட்டு இது நிற்காது, முழுக் கூரையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த குளிர்காலம் சீலிங் தலையில் விழும் என்றார். ரபி ஹன்னா லெவின் ஐம்பது வயதுப் பெண்மணி, சத்தமாகச் சிரிப்பவர். அன்று சிரிக்கவில்லை. காசு இல்லை, ஆனால் பண்டிகை வருகிறது, அயலவர்களையும் கவுன்சிலரையும் விருந்துக்குக் கூப்பிட்டுக் கையேந்திப் பார்க்கப்போகிறோம் என்றார். பின்வளவில் இலைக்குடில் ஒன்று போட்டு அதற்குள் இருந்து சாப்பிடுவதுதான் அந்தப் பண்டிகை. கூடாரப் பெருவிழா என்று பூசை வாசகத்தில் எத்தனையோ முறை கேட்டது இதுதானா என்று கஸ்பர் ஆச்சரியப்பட்டார். "பந்தல்தானே? அதை நான் சும்மா போட்டுத்தாறன்" என்றார்.

சொன்னபடியே தன்னோடு வேலை செய்யும் துஷாந்தனைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்க நின்று போட்டார். மூங்கில் குறுக்குச் சட்டம், அதன்மேல் யாரோ வெட்டிப்போட்ட ஊசியிலை வேலிக் கிளைகள், நுனி கீழ்ப்பக்கம், அடுக்குமேல் அடுக்கு. கடைசியில் தண்ணீர்க் குழாயை எடுத்து மேலே பீய்ச்சினார். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ரபி ஹன்னாவும், தொழுகையில் பாடும் பாடகர் சைமன் பேர்ல்மனும் வந்து உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாடகர் உயரமான கிழவர், எந்நேரமும் சளி பிடித்த குரல். பாடும்போது மட்டும் அந்தச் சளி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

"மிஸ்டர் கஸ்பர், அற்புதமான வேலை" என்றார் ரபி. "ஆனால் இது செல்லாது. உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும். மழை பெய்தால் சூப்புக்குள் விழ வேண்டும்."

கஸ்பர் துஷாந்தனைப் பார்த்தார். "என்னடா சொல்லுறா மனுசி? ஒழுகாட்டிப் பிழையாமோ?"

"ஓம் அண்ணை. பெரிய கூரை ஒழுகுது எண்டு சின்னக் கூரையைப் போட்டுக் காசு சேர்க்கினம். அந்தச் சின்னக் கூரை ஒழுகவேணுமாம்."

"விசரே இவைக்கு?"

"எனக்குத் தெரியாது. நீங்கள் நாலு கிளையை இழுத்துவிடுங்கோ, போவம்."

கஸ்பர் ஏணியில் ஏறினார். கையை நீட்டினார். கை கிளையைப் பிடித்தது, இழுக்க மறுத்தது. முப்பத்தைந்து வருஷம் ஓட்டையைத் தேடி அடைத்த கை. அதனிடம் ஓட்டை போடு என்றால் அது மரத்துப்போய் நின்றது. விரலை விரலால் பிரித்துத்தான் ஏணியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. ரபி ஹன்னாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். பரவாயில்லை, விருந்தன்று அவரவர் தங்கள் தலைக்கு மேலே உள்ளதை அவரவரே விலக்கட்டும் என்றார்.

விருந்து ஒரு திங்கட்கிழமை பின்னேரம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று கஸ்பர் முதலில் மீன் கட்லட் செய்து, பிறகு அவர்களுடைய சாப்பாட்டுச் சட்டம் நினைவுக்கு வந்து, கட்லட்டைத் துஷாந்தனுக்குக் கொடுத்துவிட்டு ஒரு முழு வாழைக்குலையோடு போனார். அதைக் குடிலின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார்கள். பேரீச்சை, மாதுளை, நடுவில் இதரை வாழைக்குலை. பக்கத்துக் கடையில் பாண் சுட்டு விற்கும் துருக்கிக்காரர் இல்கர், கவுன்சிலர் அம்மா, தொழுகைக்கூடத்தின் மிக மூத்த அங்கத்தவரான ஒரு கிழவி, கஸ்பரோடு வந்த துஷாந்தன், இன்னும் சில பேர். சாப்பிட முதல் ஒவ்வொருவராக எழுந்து கையுயர்த்தித் தங்கள் தலைக்கு மேலே கிளையை விலக்கினார்கள். கஸ்பரின் முறை வந்தபோது அவர் எழும்பவில்லை. எல்லோரும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

பிறகு ரபி வாசலைப் பார்த்து நின்று, பாடகர் பக்கத்தில் நிற்க, விருந்தாளிகளை அழைத்தார். ஆபிரகாம் வாரும், சாரா வாரும், ஈசாக்கு வாரும், வந்து இருங்கள் என்று பெயர் சொல்லி, சத்தமாக, ஆள் வாசலில் நிற்பதுபோல. பாடகர் அதையே பாடினார். இது ஒவ்வோர் இரவும் செய்வது. கஸ்பர் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ரபியிடம் மெல்ல, அவர்கள் வருவார்களா என்று கேட்டார்.

"வருவது அவர்கள் பாடு" என்றார் ரபி, பாணைப் பிய்த்துத் தேனில் தொட்டபடி. "கூப்பிடுவதுதான் எங்கள் பாடு."

சூப் பரிமாறும்போதுதான் அது தொடங்கியது. லண்டனில் இருட்டிவிட்டிருந்தது, ஆனால் ரபி ஹன்னாவின் கோப்பைக்குள் பகல் வெயில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அவருடைய மகன் புவனஸ் அயர்ஸில் இருக்கிறான். அங்கே மூன்றரை மணி. இல்கரின் இடைவெளியில் கருங்கடல் மேகம் நகர்ந்தது. துஷாந்தனுக்கு நிச்சயம் செய்த பெண் வவுனியாவில். அவனுடைய ஓட்டையில் நடுச்சாமத்து நட்சத்திரம், லண்டனில் யாரும் கண்டிராத நெருக்கம். யாரை நினைத்து ஏங்குகிறார்களோ, அவர்கள் தலைக்கு மேலே உள்ள வானம் என்று மேசை சுற்றி விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. கிழவியின் புருஷன் செத்து இருபது வருஷம். அவருடைய இடைவெளியில் வெளிறிய தேநீர் நிறத்தில் அசையாத ஒன்று தெரிந்தது. செத்தவர்களுக்கும் வானம் உண்டு என்பது அப்படித்தான் எட்மண்டனுக்குத் தெரிய வந்தது. கவுன்சிலர் அம்மா இது அனுமதி எடுத்துச் செய்யப்படுகிறதா என்று கேட்க வாயெடுத்து, தன்னுடைய இடைவெளியைப் பார்த்ததும் பேசாமல் விட்டார். ரபி கரண்டியைத் துடைத்துக்கொண்டு, நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றுதான் சட்டம், யாருடைய நட்சத்திரம் என்று சொல்லவில்லை என்றார். எல்லோரும் சூப்பைக் குடித்தார்கள். அதில் உறைப்பு இல்லை.

கஸ்பர் தலைக்கு மேல் மட்டும் இலை. ஒரு சொட்டு விடாத இலை.

"அண்ணை" என்றான் துஷாந்தன், அண்ணாந்த கழுத்தை இறக்காமலே. "சும்மா கையை வையுங்கோ."

"எனக்குப் பார்க்க ஒண்டுமில்லையடா."

"அப்ப ஏன் சூப் ஆறுது?"

கஸ்பர் எழுந்தார். கதிரையில் ஏறினார். கை பழையபடி மரத்தது. அவர் மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார், கிளை விலகியது. அப்பால் தெரிந்ததைப் பார்த்து அவருக்கு முதலில் வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு வெயிலும் கடலும். அவருக்கு லண்டனின் அதே அழுக்கு மஞ்சள் மேகம், ஓரத்தில் உயர்ந்த கட்டடமொன்றின் சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி. ஒன்றும் நடக்கவில்லை என்று இறங்கி இருந்தார். டப் என்று ஒரு துளி அவர் சூப்பில் விழுந்தது. பிறகு இன்னொன்று. எட்மண்டனில் அன்று மழையே இல்லை. பக்கத்துக் கோப்பைகள் காய்ந்திருக்க, கஸ்பரின் கோப்பை மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

அவர் போனை எடுத்தார். அன்று ஞாயிறு அல்ல.

"என்ன? என்ன நடந்தது?" பியற்றிஸின் குரல் பதறியது.

"அங்க மழையோ?"

"ஓம். சாடையான மழை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்ர சூப்புக்க விழுது."

மறுபக்கத்தில் பஸ்கள் போகும் சத்தம் கேட்டது.

"எங்க நிக்கிறீர்?" என்றார்.

"பஸ்ஸுக்கு. குடை கொண்டு வரேல்லை."

"எங்கையாவது கூரைக்குக் கீழ நில்லுமன்."

"நிண்டனான்தானே" என்றாள் பியற்றிஸ். "எவ்வளவு காலம் நிண்டனான்."

சூப் கோப்பையின் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் பரவியது. கஸ்பர் மெல்பேர்னைப் பற்றிக் கேட்க நினைத்தார். பயணப் பெட்டி வாங்கியாயிற்றா என்று கேட்க வந்தது. நல்லது என்ற சொல்கூட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் எழுந்து நின்றார். ரபி நின்றதைப்போலவே வாசலைப் பார்த்து, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சபைக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னார்:

"பியற்றிஸ், வாரும். வந்து இரும்."

யாருக்கும் தமிழ் தெரியாது, துஷாந்தனைத் தவிர. ஆனால் பாடகர் சைமன் பேர்ல்மன், தான் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்பதுபோல, உடனே அந்தப் பெயரை எடுத்துப் பாடினார். பியற்றிஸ். சாராவுக்கும் ஈசாக்குக்கும் போட்ட அதே இராகம். பாடி முடிந்து பார்த்தால் போன் அறுந்திருந்தது.

பிறகு நடந்ததை அந்தக் குடிலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் மினுங்கிய சிவப்பு விளக்கு நகர ஆரம்பித்தது. இல்கர் கை தட்டினார். துஷாந்தன் தட்டவில்லை. விளக்கு நழுவிய திசையைப் பார்த்து, "அண்ணை, இது தெற்கால போகுது. பெனிற்றா வீட்டுப் பக்கம்" என்றான் மெல்ல. கஸ்பர் உட்கார்ந்தார். பஸ் வந்திருக்கிறது, ஏறிவிட்டாள். அவ்வளவுதான். ரபி அவர் கோப்பையை எடுத்து ஊற்றிவிட்டு வேறு சூப் வைத்தார். அதிலும் மழை விழுந்தது. வானம் நின்றது. நின்றபடியே கொஞ்ச நேரம். பிறகு மிகவும் மெதுவாக, பஸ்ஸின் வேகத்தில் அல்ல, மழையில் நடக்கும் ஒரு பெண்ணின் வேகத்தில், விளக்கு வந்த வழியே திரும்பி வந்தது.

"இறங்கிட்டா!" என்று துஷாந்தன் கதிரையை விட்டே எழுந்துவிட்டான். "அடுத்த தரிப்பில இறங்கி ஸ்டேஷனுக்கு நடக்கிறா!"

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கிழவி தன் தேநீர் நிற வானத்தை விட்டுவிட்டு, கதிரையை இழுத்துக் கஸ்பரின் வானத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார். மேகம் வேகமெடுத்து ஓடியது, அது ரயில். ஆறு வந்ததும் மழை நின்றது. அதன்பிறகு இடைவெளி திடீரென்று கன்னங்கறுப்பானது, வானமே இல்லை. கஸ்பர் சிலுவை போட்டார். "ஒண்டுமில்லை அண்ணை, லண்டன் பிரிட்ஜில மாறி நிலத்துக்குக் கீழ போறா" என்றான் துஷாந்தன். நிலத்துக்குக் கீழே போகிறவர்களுக்கு வானம் எதற்கு என்று கிழவி ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். தன் வீட்டுக்காரரைப் பற்றியோ, தெரியாது. கறுப்பு நீண்டது. பாடகர் சூப்பைச் சுடவைக்கப் போனார், சுடவைத்துக்கொண்டு வந்தார், மறுபடி சுடவைக்கப் போனார். சட்டென்று கறுப்புக் கிழிந்து மேகம் தெரிந்தது, ஒரு பக்கத்தில் கால் நிலவு மாதிரி வெளிச்சம். அது மேலும் மெதுவாகி, கடைசியில் நடையானது.

அப்போது பதினொரு இடைவெளிகளில் கஸ்பருடையதில் மட்டும் எட்மண்டன் வானம் தெரிந்தது. கடைத்தெரு விளக்கின் செம்மஞ்சள், கோழிக்கடைப் புகை, தாழ்ந்து இறங்கும் விமானம் ஒன்று. வெறும் வானம். ரபி ஹன்னா, புவனஸ் அயர்ஸ் வெயில் முகத்தில் பட, அதைப் பார்த்தபடியே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வளவின் படலை கிரீச்சிட்டது.

பியற்றிஸ் வாசலில் நின்றாள். கோட்டு நனைந்து ஒட்டியிருந்தது, கையிலிருந்த போனில் துஷாந்தன் அனுப்பிய முகவரி. "இஞ்ச மழையே பெய்யேல்லை" என்றாள் முதலில்.

"இல்லை. எல்லாம் உம்மட மழைதான்" என்றார் கஸ்பர்.

அவள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஆர் இதை மேஞ்சது? இப்படி ஓட்டை ஓட்டையாய்?"

"அண்ணைதான் அக்கா" என்றான் துஷாந்தன்.

"பொய் சொல்லாதையும் தம்பி." பியற்றிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு லூயிஷாமின் சத்தங்களில் கஸ்பர் ஒருநாளும் கேட்டிராதது. கதிரை ஒன்று வந்தது. சூப் வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் பக்கம் சாய்ந்து, "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. எப்படிக் குடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். அவள் என்ன சொல்கிறாள் என்று ரபி விசாரித்தார். மிக நன்றாக இருக்கிறதாம் என்று துஷாந்தன் மொழிபெயர்த்தான்.

அன்று சேர்ந்த காசோடு கவுன்சிலர் அம்மா எங்கிருந்தோ பிடித்துத் தந்த உதவியும் சேர்ந்து பெரிய கூரைக்குப் போதுமாக இருந்தது. மார்கழியில் கஸ்பர் அதைப் போட்டார். பேழைக்கு முன்னால் இருந்த வாளிகளை ரபி மரநடுகைக்குக் கொடுத்துவிட்டார். தையில் பெனிற்றாவும் பிரவீணனும் பேரனும் மெல்பேர்ன் போனார்கள். பியற்றிஸ் ஹீத்ரோ வரைக்கும் போய், பேரனின் கன்னத்தை விட முடியாமல் விட்டு, கஸ்பரோடு எட்மண்டனுக்குத் திரும்பி வந்தாள். எதைப் பெற எதைக் கொடுத்தோம் என்று இருவருக்கும் தெரியும்.

இந்த வருஷமும் குடில் போட்டார்கள். கஸ்பரின் பக்கம் எட்மண்டன் வானம்தான். புதிதாக வந்திருந்த சிலர் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். சூப்புக்கு இப்போது மேசையில் மிளகாய்த்தூள் வைக்கிறார்கள். எட்டு மணியளவில், மற்றவர்கள் இறைச்சி வைத்த கோவா இலைச் சுருளில் கை வைத்த நேரம், பியற்றிஸின் தலைக்கு மேலிருந்த சின்ன நீக்கலில் மெல்பேர்ன் விடியத் தொடங்கியது. சாம்பல், பிறகு பால் நிறம், பிறகு ஒரு நூல் அளவு பொன். அது அவள் கோப்பைக்கு எட்டவில்லை. கோப்பைக்குப் பக்கத்தில் விரிப்பில் விழுந்தது. பியற்றிஸ் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கையை நகர்த்தி அந்த வெளிச்சத்தில் வைத்தாள். அங்கே பேரன் எழும்புகிற நேரம். கஸ்பர் கரண்டியை வைத்தார், கதிரையில் ஏறினார், அவள் பக்கத்து இலைகளை இன்னும் கொஞ்சம் அகலமாக விலக்கிவிட்டு, இறங்கி வந்து, மிச்சச் சூப்பைக் குடித்தார்.